7 மாதக் குழந்தைக்குச் சளி, காய்ச்சல்: டோக்கன் கிடைக்கவில்லை, என்ன செய்யலாம்?

மேடவாக்கம் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு முதல் குழந்தை, 7 மாதம் ஆகிறது. முந்தாநாள் ராத்திரியில் இருந்து காய்ச்சல், மூக்கடைப்பு, இருமல். பால் குடிக்க வாய் வைத்ததும் மூக்கு அடைத்துக்கொள்கிறது, விட்டுவிட்டு அழுகிறான். பிறந்ததில் இருந்து ஒரே டாக்டரிடம்தான் காட்டுகிறோம். அவரைப் பார்க்க டோக்கன் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

காலை 7 மணிக்கு டோக்கனுக்குப் போன் எடுப்பார்கள். சரியாக 7 மணிக்கு அடித்தாலும் பிஸி. லைன் கிடைத்தால், "இன்னைக்கு முடிஞ்சுது, நாளைக்குக் கூப்பிடுங்க" என்று வைத்துவிடுகிறார்கள். குழந்தைக்கு என்ன, எத்தனை வயசு என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. போன தடவை ஆப்பில் பணம் கட்டிப் பதிவு செய்துகொண்டு போனோம். "ஆப் டைம் வேற, எங்க டோக்கன் வேற, உட்காருங்க" என்றார்கள். 6 மணிக்கு வரவேண்டிய டாக்டர் 8 மணிக்கு வந்தார். தடுப்பூசிக்கு வந்த பச்சைக் குழந்தையும் இருமுகிற பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னால் போனார்கள், கேட்டால் "ரிவியூ" என்றார்கள்.

கணவருக்கு நைட் ஷிப்ட், அம்மா ஊரில். காய்ச்சலோடு இருக்கிற குழந்தையை வைத்துக்கொண்டு போனோடு மல்லுக்கட்டுவது ஆத்திரமாக வருகிறது. வேறு ஏதாவது வழி இருக்கிறதா? பழகிய டாக்டரை விட்டு வேறு இடத்தில் காட்டினால் தப்பா?

ரெண்டு பிள்ளை அம்மா:

தங்கச்சி, டோக்கன் கதை அப்புறம். முதலில் இதைச் சொல்லு, இப்போது காய்ச்சல் எவ்வளவு? மூச்சு வாங்குகிறதா? கடைசியாக எப்போது சிறுநீர் போனான்?

மேடவாக்கம் அம்மா:

அக்கா, 101.2 இருந்தது. மருந்து கொடுத்ததும் குறைகிறது, பிறகு ஏறுகிறது. சிறுநீர் போகிறான். மூச்சு வேகமா என்று எப்படிப் பார்ப்பது? எனக்கு எல்லாமே வேகமாகத்தான் தெரிகிறது.

வார்டு சிஸ்டர்:

நான் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் சும்மா இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், குழந்தைகளுக்கு மூச்சு ஒரே சீராக இருக்காது. 2 மாதத்தில் இருந்து ஒரு வயசு வரைக்கும் நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேக மூச்சு. அப்படியே நெஞ்சையும் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா?

குழி விழுந்தாலோ, மூச்சு 50ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, பால் சுத்தமாகக் குடிக்காவிட்டாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, டோக்கனுக்குக் காத்திருக்கவே கூடாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை 24 மணி நேரமும் பார்க்கிறது, முன்பதிவு எதுவும் கிடையாது. தாம்பரத்துக்குத் தெற்கே இருப்பவர்களுக்குச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வண்டி இல்லையென்றால் 108. படிக்கிற மற்ற அம்மாக்களுக்கும் சொல்கிறேன், 3 மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் வந்தாலே, வேறு எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள் மா.

மேடவாக்கம் அம்மா:

தூங்கும்போது எண்ணினேன் சிஸ்டர், 42. திரும்பவும் எண்ணினேன், 40 வந்தது. குழி எதுவும் இல்லை. இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது எனக்கு. காய்ச்சல் மருந்து அளவு சரியா என்று ஒரு சந்தேகம். முன்பு 1 மி.லி. எழுதிக் கொடுத்தார்கள். இப்போது கடையில் வேறு பாட்டில் தந்திருக்கிறார்கள், அதிலும் அதே 1 மி.லி. கொடுக்கலாமா?

வார்டு சிஸ்டர்:

நல்லவேளை கேட்டீர்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றும் உண்டு, 250 என்றும் உண்டு. அதனால் மி.லி.யை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பாட்டிலை மாற்றினால் ஒன்று போதாமல் போகும், இல்லை ஏகமாகப் போய்விடும். சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்துவிட்டு அலறியடித்து வருகிறவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

கணக்கு எடையை வைத்துத்தான். ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மி.கி. 7 கிலோ குழந்தைக்கு 100 மி.கி. என்றால் சொட்டில் 1 மி.லி., 125 சிரப்பில் 4 மி.லி., 250 சிரப்பில் 2 மி.லி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம். உங்கள் பாட்டில் லேபிளைப் படித்து, இன்றைய எடையைச் சொல்லி டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ உறுதி செய்துகொண்டு கொடுங்கள். பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் சலைன் மூக்குச் சொட்டு விடுங்கள், அடைப்பு இளகிவிட்டால் குடிப்பான். மூச்சு நன்றாக இருந்தாலும் காய்ச்சல் இத்தனை நேரம் நீடிப்பதால் இன்றைக்கே ஒரு டாக்டர் பார்த்துவிட வேண்டும். பழகிய டாக்டர்தான் வேண்டும் என்று நாளைக்குத் தள்ளாதீர்கள்.

கவுண்டரில் இருந்தவன்:

நான் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் கவுண்டரில் வேலை பார்த்தவன். சகோதரி பட்ட கஷ்டம் நியாயமானது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கு உதவும்.

டாக்டர் தாமதமாக வருவதற்குப் பாதிக் காரணம் பிரசவம். சிசேரியன் நடந்தால் குழந்தையைக் கையில் வாங்க ஒரு குழந்தை மருத்துவரைக் கூப்பிடுவார்கள். அதற்கு நேரம் காலம் கிடையாது. அதனால் கிளம்புவதற்கு முன், "டாக்டர் வந்துட்டாரா, இப்ப எத்தனாவது டோக்கன் ஓடுது?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சொல்வார்கள். ரிவியூ என்பது சில நாளுக்குள் மறுபடி வரச் சொன்னவர்கள், அவர்களுக்குப் பல இடங்களில் டோக்கன் இல்லாமலே இடையில் விடுவார்கள். அதைப் பலகையில் எழுதிப் போட்டால் பாதிச் சண்டை வராது. நான் சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை.

போனில் "டோக்கன் இருக்கா?" என்று ஆரம்பித்தால் "இல்லை" என்று சொல்லத்தான் வாய் வரும், அந்த நேரத்தில் லைன் விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். "7 மாசக் குழந்தை, முந்தாநாளில் இருந்து 101 காய்ச்சல், பால் குறைஞ்சிருக்கு, இன்னைக்கு யாராவது பார்க்கணும்" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். ஒரு வயசுக்குக் கீழே, காய்ச்சல் என்றால் நான் டாக்டரிடம் கேட்காமல் வைத்ததில்லை. மாட்டேன் என்றால், "டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க, நான் லைன்ல இருக்கேன்" என்று விடாமல் நில்லுங்கள். அப்படிக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆப்பைப் பொறுத்தவரை, பணம் கட்டியதும் கிளினிக்குக்கு ஒரு போன் போட்டு, அந்தப் பதிவு அவர்கள் நோட்டில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். நிறைய இடங்களில் இரண்டும் தனித்தனியாகத்தான் ஓடுகிறது.

தடுப்பூசிக்குக் கூட்டம் குறைந்த நாளைக் கேட்டுப் போங்கள். எங்களிடம் சனி, ஞாயிறு ஊசிக் கூட்டமும் திங்கட்கிழமை மாலை காய்ச்சல் கூட்டமும் நெரியும்.

ரெண்டு பிள்ளை அம்மா:

டாக்டரை மாற்றினால் தப்பா என்று கேட்டாயே, தப்பே இல்லை. என் பெரியவனுக்கு நானும் ஒரே டாக்டரைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், ராசியான கை என்பார்கள் மாமியார். சின்னவள் பிறந்த பிறகு வீட்டுக்குப் பக்கத்தில் இன்னொருவரையும் பழக்கிக்கொண்டேன். உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு தடுப்பூசிக்கு அவரிடம் போனால் அங்கேயும் குழந்தை பெயரில் ஒரு அட்டை இருக்கும். தடுப்பூசி அட்டை, பழைய மருந்துச்சீட்டு, கடைசியாகப் பார்த்த எடை எல்லாம் ஒரே ஃபைலில் வைத்து, போனிலும் படம் பிடித்து வை. யார் பார்த்தாலும் அவர்களுக்கு அது போதும்.

மாலையில் சிறப்பு மருத்துவர்கள் வருகிற நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களும் சென்னையில் உண்டு. குழந்தை மருத்துவர் எந்தக் கிழமை என்று ஒருமுறை நேரில் கேட்டு வைத்துக்கொள். நடு ராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்கு அடி, ஆலோசனை சொல்வார்கள். இ-சஞ்சீவனி என்ற அரசு ஆன்லைன் சேவையில் டாக்டரை வீடியோவில் இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் மூச்சு விஷயத்துக்கு அதை நம்பாதே. நெஞ்சில் ஸ்டெத் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மேடவாக்கம் அம்மா:

கவுண்டர் அண்ணா சொன்னபடியே பேசினேன். எங்கள் டாக்டர் பிரசவ கேஸுக்குப் போயிருந்தார், பக்கத்துத் தெருவில் இன்னொருவர் இருக்கிறார் என்று அவர்களே நம்பர் கொடுத்தார்கள்! அங்கே அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டார்கள். நெஞ்சு சுத்தமாக இருக்கிறதாம், வைரஸ் காய்ச்சல், ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றார். மூக்குச் சொட்டும் காய்ச்சல் மருந்தும் மட்டும்தான். எல்லோருக்கும் மனசார நன்றி.

ஒரே ஒரு கேள்வி. இருமலுக்கு அவர் எதுவும் எழுதவில்லை. மெடிக்கல் ஷாப்பில் "இதைக் கொடுங்க, ராத்திரி தூங்குவான்" என்று ஒரு இருமல் சிரப் எடுத்துக் கொடுத்தார்கள். கொடுக்கலாமா சிஸ்டர்?

வார்டு சிஸ்டர்:

கொடுக்கவே கூடாது மா, பாட்டிலைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 2025ல் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்துக் குழந்தைகள் இறந்தார்கள். அந்த அக்டோபரில், 2 வயசுக்குக் கீழே இருமல், சளி மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. மருந்தில் கலப்படமே இல்லாவிட்டாலும் இந்த வயசில் அதனால் பலன் இல்லை, மயக்கம்தான் வரும். டாக்டர் எழுதாமல் விட்டது சரி.

ராத்திரி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். தூங்கும்போது இன்னொரு முறை மூச்சை எண்ணிவிடுங்கள். நாளைக்கும் காய்ச்சல் விடாவிட்டால் அதே டாக்டரிடம் ரிவியூ என்று சொல்லிப் போங்கள்.