இரவில் குழைவாக இருந்த சிக்கன் பாஸ்தா சாலட் காலையில் வறண்டுபோவது ஏன்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். ஒரு வேளை உணவாகவே வயிறு நிறைய வேண்டும் என்று எண்ணி, 250 கிராம் ஃபுசில்லி பாஸ்தா, 400 கிராம் எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி, வெள்ளரிக்காய், குடைமிளகாய், மயோனைஸ் ஆகியவற்றை இரவே கலந்து ஃபிரிட்ஜில் வைத்தேன். கலந்தபோது பளபளப்பாக இருந்தது. காலையில் திறந்தால் பாஸ்தா ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தது, அடியில் வெளிறிய நீர் தேங்கியிருந்தது, கோழியோ மெல்ல மெல்ல நாராக வந்தது. உப்பும் குறைந்துவிட்டதுபோல் இருந்தது. இன்னும் மயோனைஸ் ஊற்றுவதுதான் வழியா?

பதில் 1:
மயோனைஸைக் கூட்டினால் திகட்டுமே தவிர, வறட்சி தீராது. வெந்த பாஸ்தா ஆறிய பிறகும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் டிரெஸ்ஸிங் முழுவதையும் ஒரே நேரத்தில் கலந்துவிடக் கூடாது. உங்கள் அளவுக்கு அரை கப் மயோனைஸ், அரை கப் கெட்டித் தயிர், இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, மிளகுத்தூள், உப்பு ஆகியவற்றை அடித்துக்கொண்டு, மூன்றில் இரண்டு பங்கை மட்டும் இரவில் கலந்து, மீதியைப் பரிமாறும் முன் சேருங்கள். கரண்டியிலிருந்து சொட்டாமல் நாடாவாக இறங்கும் பதமே சரியானது. அதைவிடக் கெட்டியாக இருந்தால் ஒரு கரண்டி பால் விடலாம்.

பாஸ்தாவைப் பொட்டலத்தில் குறிப்பிட்டுள்ள நேரத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள், ஏனெனில் குளிரும்போது அதிலுள்ள மாவுச்சத்து இறுகி, சூட்டில் பதமாக இருந்தது பல்லுக்கு விறைப்பாகிவிடும். குளிர்ந்த உணவில் உப்புச் சுவை மங்கித் தெரியும் என்பதால் வேகும் நீரிலேயே லிட்டருக்கு 10 கிராம் உப்பு இருக்கட்டும். வடித்ததும் குளிர்ந்த நீரில் அலசி, நீரை நன்றாக உதறிவிடுங்கள். அடியில் தேங்கிய நீர் பெரும்பாலும் வெள்ளரிக்காயிலிருந்து வந்தது. விதைப்பகுதியை வழித்தெடுத்து, நறுக்கி, உப்புத் தூவிக் கால் மணி நேரம் கழித்துப் பிழிந்து சேருங்கள்.

பதில் 2:
மேலே சொன்னவற்றில் அலசுவதை மட்டும் நான் ஏற்கவில்லை. அலசினால் மேற்பரப்பின் மாவுப்பசை போய்விடுகிறது, டிரெஸ்ஸிங் பற்றுவதற்கு உதவுவது அந்தப் பசைதான். அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இடையில் ஓரிரு முறை கிளறினாலே போதும், ஒட்டாது. எண்ணெயை மட்டும் தாராளமாக விட்டுவிடாதீர்கள், டிரெஸ்ஸிங் வழுக்கிவிடும்.

கோழி நாரானதற்குக் காரணம் கொதிநீரின் வேகம். உப்பிட்ட குளிர்ந்த நீரில் கறியை முழுகப் போட்டு, மெதுவாகச் சூடேற்றி, ஓரத்தில் சிறு குமிழிகள் எழும் நிலையிலேயே அடுப்பை வைத்திருங்கள். கறியின் தடித்த நடுப்பகுதியில் வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் எடுத்துவிடலாம். முழுவதுமாக ஆறிய பின்னரே, நாரின் குறுக்கே நறுக்குங்கள். சூடாகச் சேர்த்தால் மயோனைஸ் பிரிந்து எண்ணெய் தனியாக நிற்கும்.

பதில் 3:
கோழியும் தயிரும் சேர்ந்த உணவு என்பதால் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். இதை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 4 டிகிரிக்கு மிகாத குளிரில் மூடி வைத்தாலும் 3 நாட்களுக்குள் உண்டு முடிப்பது நல்லது. பச்சைப் பூண்டு சேர்ப்பதாக இருந்தால் அதை மறுநாள் கலக்கும் பங்கில் சேருங்கள், இரவெல்லாம் ஊறினால் மற்ற எல்லாச் சுவையையும் அடக்கிவிடும்.

கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாஸ்தாவைப் பாதி அலசியும் பாதி பரப்பியும் நேற்று செய்து பார்த்தேன். பரப்பியதில் டிரெஸ்ஸிங் ஒவ்வொரு சுருளின் இடுக்கிலும் பிடித்திருந்தது, ஆனால் காலையில் இரண்டு கரண்டி பால் கூடுதலாகத் தேவைப்பட்டது. கோழி இம்முறை சாறோடு மென்மையாக இருந்தது. அடியில் ஒரு சொட்டு நீரும் இல்லை.