முந்நூறு பேரை எந்த அடிப்படையில் குழுக்களாகப் பிரிப்பது?

கேள்வி – வயலோரம்

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், முப்பது வயதைக் கடந்த சுமார் முந்நூறு பேரிடம் உணவு, வேலை, தூக்கம், குடும்பத்தில் சர்க்கரை நோய் உண்டா என்பவற்றைக் கேட்டு, எங்கள் மகளிர் குழுவினர் படிவங்களை நிரப்பி வைத்திருக்கிறோம். இதுவரை எல்லோருக்கும் சோற்றைக் குறையுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று ஒரே அறிவுரையைத்தான் சொல்லி வந்தோம். காலை ஆறு மணிக்கு நாற்றுப் பறிக்கப் போய், சேற்றுக் காலோடு மாலையில் திரும்பிய பெண்ணிடம் அதையே சொன்னபோது, அவர் பதில் பேசாமல் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றுதான் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

சைவம், அசைவம் என்றும், எடை சரியானவர், கூடுதலானவர் என்றும் நான்கு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தோம். ஆனால் ஒவ்வொரு குழுவிலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவர்களே சேர்ந்திருக்கிறார்கள். எதை அடிப்படையாகக் கொள்வது? கணினியைக் கொண்டு பிரித்தால் சரியாக வருமா?

மறுமொழி – அளவுக்கரண்டி

உணவியல் ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். சைவம், அசைவம் என்ற பிரிவு வழக்கத்தைச் சொல்லுமே தவிர, தட்டில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. மூன்று வேளையும் அரிசி உணவோடு அப்பளமும் ஊறுகாயும் சாப்பிடும் சைவக் குடும்பமும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி எடுத்து மற்ற நாள்களில் ரசமும் துவையலுமாக ஓட்டும் அசைவக் குடும்பமும், பருப்புப் போதாமை என்ற ஒரே குறையைத்தான் கொண்டிருக்கின்றன. முந்தைய நாள் உணவைத் திங்கட்கிழமையன்று கேட்டிருந்தால், அந்த ஒரு நாள் கறி உங்கள் படிவம் முழுவதையும் திசைதிருப்பியிருக்கும். ஆகவே வேறு இரண்டு கிழமைகளிலும் கேளுங்கள். அளவைக் கேட்கும்போது அந்த வீட்டுக் கரண்டியையே எடுத்துவரச் சொல்லுங்கள், ஏனெனில் ஒரு வீட்டுக் கரண்டி இன்னொரு வீட்டில் ஒன்றரைக் கரண்டியாக இருக்கும்.

முதல் பிரிவு வேலையாகவே இருக்கட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, 55 கிலோ எடையுள்ள பெண் உட்கார்ந்த வேலை செய்பவரானால் நாளொன்றுக்கு 1660 கிலோகலோரியும், கடும் உழைப்பாளியானால் 2720 கிலோகலோரியும் தேவை. இடைவெளி ஆயிரத்துக்கும் மேல். நடவுக் காலத்தில் கடும் உழைப்பாளியாக இருக்கும் அதே பெண், சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் வேறு குழுவுக்கு வந்துவிடுவார் என்பதால், குழுவின் பெயரோடு மாதத்தையும் எழுதிவையுங்கள். இரண்டு குழுக்களுக்குச் சொல்லப்போகும் அறிவுரை ஒன்றேயானால், அவற்றைப் பிரித்து வைப்பதில் பயனில்லை, சேர்த்துவிடுங்கள்.

மறுமொழி – கிராமச் செவிலி

உணவைப் பிரிப்பதற்கு முன்னால், யாரை உடனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பார்த்துவிடுங்கள். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2005-இல் வெளியிட்ட மதிப்பெண் முறை வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் இருந்ததா என்ற நான்கை மட்டுமே கேட்கிறது. நூற்றுக்கு 60-உம் அதற்கு மேலும் வந்தால் அவருக்குச் சர்க்கரை நோய் ஆபத்து அதிகம். எடையை மட்டும் பார்த்தால் ஒல்லியான கைகால்களோடு வயிறு மட்டும் பெருத்தவர்கள் தப்பிவிடுவார்கள்; நம் மக்களிடையே இவர்கள் மிகுதி. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்ற எல்லையை நினைவில் வைத்து, ஓர் அளவு நாடாவைக் கையோடு கொண்டுபோங்கள்.

மறுமொழி – எண்ணும் எழுத்தும்

கணினியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐந்து குழு வேண்டும் என்றால் ஐந்தும், எட்டு வேண்டும் என்றால் எட்டும் அது பிரித்துத் தரும். உண்மையில் அத்தனை குழுக்கள் ஊரில் இருக்கின்றனவா என்பது அதற்குத் தெரியாது. அரிசியைக் கிராமில் நூறுகளாகவும் உப்பைக் கிராமில் ஐந்து, பத்தாகவும் அப்படியே கொடுத்தால், பெரிய எண்ணான அரிசியை வைத்தே எல்லோரையும் பிரித்துவிடும். ஆகையால் எல்லா அளவுகளையும் முதலில் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு பாதிப் பேரை மட்டும் எடுத்து மறுபடி பிரித்துப் பாருங்கள். அதே குழுக்கள் வராவிட்டால் அவற்றை நம்ப வேண்டாம்.

2018-இல் சுவீடன், பின்லாந்து சர்க்கரை நோயாளிகளை ஐந்து வகையாகவும், 2020-இல் இந்திய நோயாளிகளை நான்கு வகையாகவும் பிரித்த ஆய்வுகள் இன்சுலின் சுரப்பு முதலான பரிசோதனை அளவுகளைக் கொண்டு நோயை வகைப்படுத்தியவை. அவற்றின் பெயர்களை உங்கள் உணவுப் படிவத்துக்குச் சூட்டிவிடாதீர்கள்.

கேட்டவர் – வயலோரம்

மூவருக்கும் மிக்க நன்றி. வேலையையும் இடுப்புச் சுற்றளவையும் வைத்து மறுபடி தொடங்குகிறோம். ஒன்று மட்டும் இடிக்கிறது: மில் வேலைக்குப் போகும் மகன், வயலுக்குப் போகும் தாய், திண்ணையில் இருக்கும் தாத்தா என்று ஒரே அடுப்பில் மூன்று குழுக்கள் இருக்கின்றனவே?

மறுமொழி – அளவுக்கரண்டி

அப்படியானால் சமையலுக்குரிய அறிவுரையை வீட்டுக்கும், அளவுக்குரியதை ஆளுக்கும் சொல்லுங்கள். எண்ணெய், உப்பு, பருப்பு மூன்றும் வீட்டுக்குப் பொது. மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறார்கள் என்று கேட்டு ஆள் கணக்கில் வகுத்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ரேஷன் கடையில் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பு எத்தனையாவது நாளில் தீர்கிறது என்றும் கேளுங்கள். சோறு மட்டும் ஆளுக்கு ஏற்பக் கரண்டிக் கணக்கில் மாறட்டும். இதை அந்த வீட்டில் பரிமாறுகிறவரிடம்தான் சொல்ல வேண்டும், தாத்தாவிடம் அல்ல.