மென் ஏகாரில் வளையம் வரேல்ல, பொட்டு மட்டும்தான்

திருநெல்வேலி_லாப்:
ஈ. கோலை பக்ரீரியா, கே-12 வகை. திறிப்டோன் (செரிச்ச புரதத் தூள்) 1%, உப்பு 0.5%, குளுக்கோஸ் 0.2%, ஏகார் (கூழாக்கிற பொருள்) 0.5%. 37 பாகையில ஒரு இரவு. குத்தின இடத்தில வெள்ளைப் பொட்டுத்தான். ஏலெவல் பிள்ளையளுக்கு இரசாயன அசைவு (கலம் ஒரு இரசாயனத்தைத் தேடி நகர்றது) காட்ட வேணும், அதுக்குப் பொட்டைச் சுத்தி வளையம் வரவேணும். எது பிழை? மற்றது, 2 மைக்ரோமீற்றர் கலத்துக்கு அந்த இரசாயனத்தின்ர செறிவு எந்தப் பக்கம் கூட எண்டு எப்படித் தெரியும்?

வடமராட்சியான்:
ஏகார், குளுக்கோஸ், வெப்பநிலை மூண்டும் பிழை. 0.5% ஏகாரில துளை சிறுத்துப்போகும், 0.25–0.3% போடுங்கோ. அந்தத் தட்டைக் கவிழ்க்காதையுங்கோ, வழிஞ்சிடும். குளுக்கோஸை விடுங்கோ: அது இருந்தால் கலத்துக்குள்ள சைகை குடுக்கிற சைக்ளிக் ஏஎம்பி குறைஞ்சு, நீந்தப் பாவிக்கிற சவுக்குமுளையின்ர மரபணுக்கள் அடங்கும். 37 பாகையிலயும் சவுக்குமுளை குறைவு. 30 பாகையில 8–10 மணித்தியாலம் காணும். சித்திரை வெக்கையில இன்குபேற்றரே தேவையில்லை, ஆனால் தட்டு காயும், ஈரத்துணியோட பெட்டிக்குள்ள மூடுங்கோ. வளர்த்த கலக் கரைசலில 2 மைக்ரோலீற்றரை ஏகாருக்கு உள்ள, நடுவில விடுங்கோ. மேல வழிஞ்சால் மேற்பரப்பில பரவினது வளையம் மாதிரித் தெரியும், ஏமாந்திடாதையுங்கோ.

சரியா வந்தால், வெளி வளையம் திறிப்டோனில இருக்கிற செரீன் எண்ட அமினோ அமிலத்தைத் தொடர்ந்து போன கலங்கள், உள் வளையம் அஸ்பார்ற்றேற் எண்ட அமினோ அமிலத்தைத் தொடர்ந்து போனது. செறிவுப் படித்திறனை (ஒரு பக்கம் கூட, மறுபக்கம் குறைய) நீங்கள் வைக்கத் தேவையில்லை, கலங்களே தின்று உண்டாக்குதுகள்.

கலக்காரன்:
இரண்டாவது கேள்விக்கு: பக்கத்தைப் பார்க்கிறேல்ல, நேரத்தைப் பார்க்குது. 1972இல மக்னாப், கோஷ்லாண்ட் எண்ட விஞ்ஞானிகள் சல்மனெல்லா எண்ட பக்ரீரியாவைச் செரீனோட சடுதியாகக் கலந்தினம். எல்லாப் பக்கமும் ஒரே செறிவு, எண்டாலும் கலங்கள் புரளாமல் நீந்தினது. முந்தினதைவிடக் கூட எண்டதுதான் அதுக்குத் தெரிஞ்சது.

சாதாரணமாக ஒரு செக்கன் அளவு நேர் ஓட்டம், பிறகு 0.1 செக்கன் புரளல். கலத்தின்ர வாங்கியில (இரசாயனத்தை உணர்ற புரதம்) செரீன் பிடிச்சால், பொஸ்பேற் ஏத்திற சிஎச்இ-ஏ நொதியம் அடங்கும். அதால பொஸ்பேற் ஏறின சிஎச்இ-வை எண்ட புரதம் குறையும். சவுக்குமுளையைச் சுத்துற மோட்டர், புரள வைக்கிற வலஞ்சுழியாக மாறுறது குறையும், ஓட்டம் நீளும். சிஎச்இ-ஆர் எண்ட நொதியம் மெதுவாக வாங்கிக்கு மெதைல் கூட்டத்தை ஏத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவருது. அந்த மந்தம்தான் சில செக்கன் ஞாபகம். மெதியோனைன் எண்ட அமினோ அமிலம் இல்லாட்டில் மெதைல் இல்லை. அதை உண்டாக்கமாட்டாத வகை எண்டால் ஊடகத்தில அது இருக்க வேணும்.

பிள்ளையளுக்கு எல்லாக் கலமும் இப்பிடித்தான் எண்டு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ. நடுநிலைநாடி வெண்குழியம் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே நேரத்தில ஒப்பிட்டு, கூடின பக்கம் அக்ற்றின் எண்ட புரத இழைகளால தள்ளி ஊருது.

வடமராட்சியான்:
ஒண்டு விட்டுப்போச்சு. குளோனிங்குக்கு வைச்சிருக்கிற கே-12 வகைகள் கனக்க நல்லா நீந்தாது. முதல்ல ஒரு துளியைச் சிலைட்டில போட்டு 400 மடங்கில பாருங்கோ. நீந்தாட்டில் ஆர்பி437 மாதிரி நல்லா நீந்துற வகை ஒண்டு எடுங்கோ. சென்றிபியூஜில வேகமாகச் சுத்தின கலமும் உதவாது, சவுக்குமுளை முறிஞ்சிடும்.