பழைய லோடரில் ஊளைச் சத்தம், பம்ப் போயிடுச்சா?

கேள்வி:
காட்பாடி பக்கம் ஒரு கல் உடைக்கும் கிரஷரில் பழைய வீல் லோடர் (முன்பக்கப் பக்கெட்டால் கல்லை அள்ளும் வண்டி) ஓட்டுகிறேன். ஒரு வாரமாக பக்கெட்டைத் தூக்கும்போது ஊளைச் சத்தம், கூடவே உள்ளே கூழாங்கல் உருளுகிற மாதிரி கரகரப்பு. காலையில் அதிகம், வெயில் ஏறியதும் குறைகிறது (வேலூர் வெயில் ஏற எவ்வளவு நேரம்?). ஹைட்ராலிக் ஆயில் அளவு சரி. ஒரு மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்காமல் ஹைட்ராலிக் பம்பை (பக்கெட்டைத் தூக்க ஆயிலைத் தள்ளுவது) மாத்துங்க என்கிறார்.

பதில் 1:
அவசரப்படாதீங்க. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி பக்கெட்டை மட்டும் தூக்குங்க, அப்பவும் அதே சத்தம் என்றால் ஆக்சிலைச் சந்தேகப்பட வேண்டாம். பம்புக்குப் போதுமான ஆயில் வந்து சேராவிட்டால் இப்படித்தான் கத்தும், அதுவும் குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது. டேங்க் ஸ்ட்ரெய்னரையும் (ஆயிலை வடிகட்டும் சல்லடை) பம்புக்கு ஆயிலை உறிஞ்சும் ஹோஸையும் பாருங்க, பழைய ஹோஸ் உள்ளே உரிந்து வழியை அடைக்கும்.

பதில் 2:
ஆயிலில் நுரை இருக்கா? இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, முதலில் ஹோஸ் கிளாம்ப்பை இறுக்குங்க. ஃபில்டரை அறுத்துப் பாருங்க, பித்தளைத் தூள் மின்னினால் மெக்கானிக் சொன்னதுதான் சரி. கை வைக்கும் முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, நடு மூட்டு லாக்கை (வண்டி நடுவில் மடங்காமல் தடுப்பது) போட மறக்காதீங்க.

கேட்டவர்:
நுரை இல்லை, தூளும் இல்லை. ஸ்ட்ரெய்னர் முழுக்க கறுப்பு ரப்பர் துணுக்கு. ஹோஸை மாற்றினோம், இன்று காலை சத்தமே இல்லை. மெக்கானிக்கிடம் இன்னும் சொல்லவில்லை.