நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு உடலசைவும் கதைசொல்லலும்: போகலாமா?

கெடிலக்கரை (கடலூர்):
என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது முதல் உணவூட்டுவது வரை எல்லாம் என் பொறுப்பு. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு அருகில், என்னைப் போன்றவர்களுக்காக ஆறு சனிக்கிழமைகள் உடலசைவும் கதைசொல்லலும் சேர்ந்த பயிலரங்கு நடக்கப்போவதாகத் துண்டறிக்கை வந்திருக்கிறது. எனக்கு ஆடத் தெரியாது, இடுப்புவலி வேறு. அதைவிடப் பெரிய தயக்கம், வீட்டு விஷயத்தை அந்நியர் முன் சொல்லச் சொல்வார்களோ என்பது. அது உறவினர் காதுக்குப் போனால் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும். சென்று வந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முத்தியால்பேட்டைவாசி (புதுச்சேரி):
மறதிநோய் கண்ட என் தந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இத்தகைய ஒன்றுக்குச் சென்றேன். முதல் நாள் யாரும் பேசவே இல்லை. நாற்காலியில் அமர்ந்து பாதங்களைத் தரையில் அழுத்தி மூச்சைக் கவனித்தோம். பிறகு, வீட்டில் அடிக்கடி செய்யும் ஓர் அசைவைச் செய்துகாட்டச் சொன்னார்கள். அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்குவதை நான் காட்ட, மற்றப் பன்னிரண்டு பேரும் அதை அப்படியே செய்தார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு, முழங்காலை மடக்காமல், இடுப்பை வைத்தே தூக்குகிறேன் என்பதை அவர்கள் உடலில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கதையும் நம்முடையதாக இருக்க வேண்டியதில்லை. மகன்களும் மருமகள்களும் படுத்தும் பாட்டை யாரிடமும் சொல்லாமல் உடல் பெருத்துப்போன கிழவி ஒருத்தி, பாழடைந்த வீட்டின் நான்கு சுவர்களிடம் முறையிட, ஒவ்வொரு சுவராக இடிந்து விழுந்து அவள் உடல் இளைத்த நாட்டுப்புறக் கதையை எடுத்துக்கொண்டு, மூன்றாம் சுவரிடம் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று ஆளுக்கொன்று சொன்னோம். எங்கள் குழுவில் மருமகள்களே மிகுதி. அவர்கள் கதையைத் திருப்பி, மருமகள் போய்ச் சுவரிடம் பேசுவதாக ஆக்கிவிட்டார்கள். அது யாருடைய கதை என்று எவரும் கேட்கவில்லை.

கட்டியங்காரன்:
நாடகப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. 1975இல் அமெரிக்காவில் தொடங்கிய பிளேபேக் தியேட்டர் என்ற முறையில், பார்வையாளர் ஒருவர் தம் வாழ்வில் நடந்ததைச் சொல்ல, நடிகர்கள் அதை அங்கேயே நடித்துக் காட்டுவார்கள். நல்ல முறைதான், ஆனால் உங்கள் தயக்கத்துக்கு அது ஒத்துவராது. ஆகவே எந்த முறை என்றும், படம் பிடிப்பார்களா என்றும், பேசாமல் இருக்க அனுமதி உண்டா என்றும் முன்கூட்டியே கேளுங்கள்.

ஆடத் தெரியாது என்பதைப் பொருட்படுத்த வேண்டாம். மரியன் சேஸ் 1942இல் வாஷிங்டன் மனநல மருத்துவமனை ஒன்றில் நடன சிகிச்சையைத் தொடங்கியபோது அவர்முன் இருந்தவர்கள் நோயாளிகளே, நர்த்தகிகள் அல்லர். நம் ஊர்ப் பெண்கள் வட்டமாய் நின்று கும்மியடிக்க யாரிடம் பாடம் கேட்டார்கள்? எனினும் பயிலரங்கு வேறு, சிகிச்சை வேறு. உறக்கமே வராமல், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைதூக்கினால் சனிக்கிழமைவரை காத்திராமல் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணை அழையுங்கள், கட்டணம் இல்லை.

திருப்பாதிரிப்புலியூர் அக்கா:
எல்லாம் சரி, நீங்கள் பயிலரங்கில் இருக்கும் நேரம் மாமியார் பக்கத்தில் யார்? இதை எவரும் கேட்கவில்லையே! என் கணவரைத் தனியே விட முடியாததால் ஆறு வகுப்புகளில் மூன்றுக்குத்தான் நான் போனேன். போன நாள்களிலும் காது கைப்பேசியிலேயே இருந்தது. நாத்தனாரையோ ஓரகத்தியையோ முறைவைத்து உட்காரச் சொல்லுங்கள், தங்கையே. கேட்பதற்கு நாம்தான் கூச்சப்படுகிறோம். இடுப்புவலிக்கு, 2021 முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் மாமியாருக்காக இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வந்தால், தூக்கும் விதத்தை அவரிடமே செய்துகாட்டித் திருத்திக்கொள்ளலாம்.

கெடிலக்கரை:
அனைவருக்கும் நன்றி. அமைப்பாளர்களிடம் பேசினேன்: படம் பிடிக்க மாட்டார்கள், பேசுவது கட்டாயமில்லை, நாட்டுப்புறக் கதைகள்தான். நாத்தனாரிடம் கேட்கத்தான் இரண்டு நாள் ஆயிற்று. கேட்டதும், 'இதை முன்பே சொல்லியிருக்கலாமே, அண்ணி' என்றார். பண்ருட்டியிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்குள் அவர் வந்துசேர எந்தப் பேருந்து என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.