விமானப்படையில் தரையில் நின்றவர்கள்: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

பழைய ஏர்ஃப்ரேம்:

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்ததைப் பார்த்தேன். 1963ல் வந்து சேர்ந்த விமானம். நான் பார்த்த சேனல்களில் எல்லாம் ஓட்டியவர்களிடம்தான் மைக்கை நீட்டினார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, உயிரைப் பணயம் வைத்தவர்கள் அவர்கள். ஆனால் அறுபது வருஷத்துக்கு மேல் அதைக் கழற்றி மாட்டியவர்கள் எத்தனை பேர்! பெல்காமில் டிரில் அடித்து, தாம்பரத்திலோ ஜாலஹள்ளியிலோ டிரேட் (அவரவர் தொழிற்பிரிவு) படித்து வந்த நம்மூர்க்காரர்கள் அதில் ஏராளம். அவர்கள் எழுதட்டும் என்றுதான் இதைத் தொடங்குகிறேன். ஸ்டேஷன் பெயர், ஸ்குவாட்ரன் எண் எல்லாம் அவசியமில்லை. இன்னும் சர்வீஸில் இருப்பவர்கள் தயவுசெய்து படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நானே முதலில் சொல்கிறேன். குறுகலான இடத்துக்குள் பார்க்க நீளக் கம்பியில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும், தெரியும்தானே? ஒரு நாள் ராத்திரி எங்கள் கார்ப்போரல் ஒருத்தர் அதை வைத்துப் பின்பக்கம் ஃபியூயல் லைனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைதவறி உள்ளே விழுந்து உடைந்துவிட்டது. அவர் மறைக்கவில்லை. இறங்கி வந்து நேரே சார்ஜெண்டிடம் சொன்னார். காலையில் பறக்க வேண்டிய விமானம், அப்போதே நிறுத்தியாகிவிட்டது.

பேனல்களைத் திறந்து துண்டு துண்டாகப் பொறுக்கினோம். சார்ஜெண்ட் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அந்தத் துண்டுகளை மறுபடி வட்டமாகச் சேர்த்தார். ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு துண்டு குறைந்தது. இரும்பாக இருந்தால் காந்தம் விட்டு எடுக்கலாம், கண்ணாடிக்கு என்ன செய்வது? வேக்குவம் போட்டும் வரவில்லை. கடைசியில் டார்ச்சை நேராக அடிக்காமல் தரைக்குப் படுக்கையாகப் பிடித்தபோது ஒரு கிளாம்புக்கு அடியில் மினுக்கியது. அதையும் துணியில் வைத்து வட்டம் முழுசானதைப் பார்த்த பிறகுதான் 700ல் கையெழுத்துப் போட்டார். அரிசி அளவுதானே என்று விட்டால், விமானத்தைத் திருப்பும் கன்ட்ரோல் ராட் நடுவில் போய் அது உட்கார்ந்தால் போதும்.

ரோஜா மாவட்டம்: 700 என்றால் என்ன சார்?

பழைய ஏர்ஃப்ரேம்: ஃபார்ம் 700. விமானத்தின் ஜாதகம் என்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. எந்தப் பழுது, யார் சரி செய்தார், யார் மேற்பார்த்தார், எவ்வளவு எண்ணெய் ஊற்றியது, எல்லாம் அதில். ஏர்ஃப்ரேம், எஞ்சின், எலெக்ட்ரிகல், இன்ஸ்ட்ருமெண்ட், வெபன் என்று ஒவ்வொரு டிரேடும் கையெழுத்துப் போட்ட பிறகு பைலட் அதைப் படித்து, தானும் போட்டுவிட்டுத்தான் ஏணியில் ஏறுவார்.

ஆர்மரர் அண்ணாச்சி:

நான் வெபன் டிரேட். குண்டு மாட்டுறவன்னு ஊர்ல சொன்னா பெரிய வீரன்னு நெனைப்பாங்க. பாதி நாள் வேலை, மாட்டுறதுக்கு முன்னாடி சோதிக்கிறதுதான்.

ஏவுகணையை டிராலில கொண்டுவந்தவுடனே மாட்ட மாட்டோம். முதல்ல விமானத்துக்கு எர்த் குடுக்கணும். காக்பிட்ல ஆயுத சுவிட்ச் எல்லாம் ஆஃப்ல இருக்கான்னு ஒருத்தன் ஏறிப் பார்க்கணும். அப்புறம் பைலன்ல, அதான் ஆயுதம் மாட்டுற தாங்கியில, மீட்டர் வச்சு, வரக் கூடாத கரண்ட் எதாவது நிக்குதான்னு பார்க்கணும். மீட்டர் முள் அசையாம இருந்தாத்தான் கனெக்டரைக் கையில எடுப்போம். மூக்குக்கு நேரா யாரும் நடக்கக் கூடாது, ஆபீசரா இருந்தாலும் கத்தித் துரத்துவோம். செல்போனை ஹேங்கர் வாசல்லயே வாங்கி வச்சுருவாங்க. சிவப்புக் கொடி கட்டின சேஃப்டி பின்னு கடைசி வரைக்கும் மாட்டியே இருக்கும். ஓடுபாதை முனைக்குப் போன பிறகுதான் அதை உருவுவோம். உருவின பின்னை எல்லாம் கையில உயர்த்திப் பிடிச்சு பைலட்டுக்குக் காட்டணும், அவர் எண்ணித் தலையாட்டணும்.

ஜாகுவார்ல வேலை பார்த்தவங்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. மத்த விமானத்துல ஏவுகணை இறக்கைக்குக் கீழே தொங்கும். ஜாகுவார்ல இறக்கைக்கு மேலே! கீழே இருக்கிற இடமெல்லாம் குண்டுக்கும் எண்ணெய் டேங்குக்கும் வேணும்னு வெள்ளைக்காரன் அப்படி வடிவமைச்சுட்டான். அந்த விமானத்துக்குக் காலும் நீளம், இறக்கை தலைக்கு மேல நிக்கும். 90 கிலோகிட்ட இருக்கிற சாமானை அதுக்கும் மேல தூக்கி, இறக்கை மேல இருக்கிற ஏவுகணைத் தண்டவாளத்துல இழையாம நுழைக்கணும். மழைக்காலத்துல ஸ்டாண்டு மேல பூட்ஸ் வழுக்கும்போது நான் திட்டாத வெள்ளைக்காரன் இல்லை.

இன்னொண்ணு. கார்கில்ல மிராஜ் போர்விமானம் 1999 ஜூன் 24ல டைகர் ஹில்லை லேசர் குண்டால அடிச்சது எல்லாருக்கும் தெரியும். அது ஏதோ புதுசா செஞ்ச குண்டுன்னு பலர் நெனைக்கிறாங்க. நடுவுல இருந்தது பழைய 1,000 பவுண்டு குண்டுதான். மூக்குல லேசர் வெளிச்சத்தைத் தேடுற கண்ணு, வால்ல திருப்புற துடுப்பு, அவ்வளவுதான் புதுசு. குறி மேல லேசர் காட்ட விமானத்துல மாட்டுற லைட்னிங் பாடு (pod) இஸ்ரேல்கிட்ட இருந்து வந்தது. அதை மிராஜோட பேச வச்சதும், கண்ணும் துடுப்பும் சேர்ந்த அந்தக் கிட்டை இந்தக் குண்டுல பொருத்தினதும் சண்டை நடக்கும்போதே. எங்க டிரேட்ல எனக்கு சீனியர் ஆளுங்க அதைப் பத்திப் பேசினா இன்னைக்கும் குரல் உயரும்.

டிப்போக்காரன்:

அண்ணாச்சி சொன்ன "பேச வைத்தது" என்பதில்தான் எங்கள் பிழைப்பே. நான் பேஸ் ரிப்பேர் டிப்போ (பி.ஆர்.டி.) ஆள், சிவிலியன். ஸ்குவாட்ரனில் முடிந்ததை அங்கேயே பார்ப்பார்கள், முடியாதது எங்களிடம் வரும். கான்பூரில் 1 பி.ஆர்.டி.யில் ஏஎன்-32, சண்டிகரில் 3 பி.ஆர்.டி.யில் எம்ஐ ரக ஹெலிகாப்டர், ஓஜரில் 11 பி.ஆர்.டி.யில் மிக்-29, நம் சூலூரில் 5 பி.ஆர்.டி.

பேப்பரில் "விமானம் நவீனமயம்" என்று ஒரு வரி வரும். உள்ளே அது முழுக்க முழுக்க ஒயர். ஏஎன்-32ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1984லிருந்து வந்த சரக்கு விமானம், லேவிலும் வடகிழக்கு மலைகளிலும் அதை விட்டால் கதியில்லை. 2009ல் உக்ரைனோடு 105 விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு பகுதியை அங்கே அனுப்பிச் செய்வது, மீதியை அவர்கள் தரும் கிட்டை வைத்துக் கான்பூரில் செய்வது. 2014ல் அங்கே சண்டை வந்தது, கிட் வருவது தடுமாறியது. சாமான் வரும் வரை விமானம் காத்திருக்கும், நாமும் காத்திருப்போம்.

வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பழைய விமானத்தைத் திறந்தால், வரைபடத்தில் ஒன்று இருக்கும், உள்ளே வேறொன்று இருக்கும். இருபத்தைந்து வருஷத்தில் எந்தெந்த ஸ்டேஷனிலோ யார் யாரோ அவசரத்துக்கு ஒயரை மாற்றிப் போட்டிருப்பார்கள். தப்பாகப் போட்டார்கள் என்று சொல்லவில்லை, அன்றைக்குப் பறக்க வைத்தார்கள். ஆனால் இரண்டு விமானம் ஒன்றாக இருக்காது. மேல் உறை காய்ந்து போயிருக்கும், வளைத்தால் பொடிப்பொடியாக உதிரும். ஒரு ஒயரைத் தொட்டால் பக்கத்தில் நான்கை மாற்ற வேண்டும். புது ரேடியோ பெட்டியை மாட்ட ஒரு நாள் போதும், அதற்கு ஒயர் இழுக்க வாரக்கணக்கில் ஆகும்.

அதைவிட எனக்குப் பிடிக்காத வேலை ஒன்று உண்டு. ஸ்டோரில் சாமான் இல்லாவிட்டால் நிற்கும் விமானத்திலிருந்து கழற்றி ஓடும் விமானத்தில் மாட்டுவது. கேனிபலைஸ் என்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குச் சாமர்த்தியமாகத் தெரியும். ஒரு தடவை மாட்ட வேண்டிய சாமானை இரண்டு தடவை கழற்றி இரண்டு தடவை மாட்டுகிறோம், இரண்டு மடங்கு பேப்பர், திரும்பத் திரும்பத் திருகி மரை தேய்கிறது. அந்த நிற்கிற விமானம் மெல்ல மெல்லக் கூடாகிவிடும், பிறகு அதை எழுப்புவது பெரும்பாடு. ஒரு சப்ளையர் அனுப்பிய பெட்டியில் பின் எண்ணிக்கையே வேறாக இருந்த கனெக்டர்கள் வந்து இறங்கின, அதனால் இப்படிக் கழற்றிக் கொடுத்த விமானத்தை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எஞ்சின் சித்தப்பா:

எனக்குச் சுகோய்-30 போர்விமானம். ஓடி முடிந்தவுடன் எஞ்சின் எண்ணெயில் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்புவோம். எண்ணெயில் இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று பார்த்தால் உள்ளே எது தேய்கிறது என்று சொல்லிவிடலாம். மனுஷனுக்கு ரத்தம் பார்ப்பதில்லையா.

ஒரு எஞ்சினில் இரும்பு மெதுவாக ஏறிக்கொண்டே வந்தது. பைலட்டுக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் சுத்தமாக இருக்கிறது, அழுத்தம் சரியாக இருக்கிறது, ஏன் இறக்குகிறீர்கள் என்று கோபித்துக்கொண்டார். எங்கள் வாரண்ட் ஆபீசர் சிரித்துக்கொண்டே, "சார், நீங்க மேல கேளுங்க, நான் பாட்டில்ல கேட்டுட்டேன்" என்றார். இறக்கிப் பிரித்துப் பார்த்ததில் பேரிங் ஒன்றில் மேல்தோல் உரிய ஆரம்பித்திருந்தது.

ரோஜா மாவட்டம்: சித்தப்பா, தஞ்சாவூரில் இருக்கும் சுகோயில் பிரம்மோஸ் ஏவுகணை மாட்டுகிறார்களே, பார்த்திருக்கிறீர்களா?

எஞ்சின் சித்தப்பா: பேப்பரில் வந்ததை மட்டும் சொல்கிறேன் தம்பி. 2017 நவம்பர் 22ல் வங்காள விரிகுடாவில் முதல் முறை சுகோயிலிருந்து விட்டார்கள். 2020 ஜனவரியில் 222 ஸ்குவாட்ரன் தஞ்சாவூரில் வந்தது. ஏவுகணை இரண்டரை டன், வயிற்றுக்கு அடியில் ஒன்றே ஒன்றுதான் மாட்ட முடியும். அவ்வளவு கனத்தைத் தாங்க உடம்பையே பலப்படுத்த வேண்டியிருந்தது, அதனால் எல்லாச் சுகோயிலும் மாட்ட முடியாது. மீதியைக் கேட்காதே.

வாரண்ட் ஆபீசர் மகள்:

நான் வேலை பார்த்தவள் இல்லை, குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பாவுக்கு சேஃப்டி எக்விப்மெண்ட், பாராசூட் மடிப்பதுதான் வேலை. மிக்-21 இறங்கியதும் பின்னால் விரியுமே, அந்த பிரேக் சூட்டும் அவர் செக்‌ஷன்தான். ஒவ்வொரு தடவை இறங்கிய பிறகும் மறுபடி மடிக்கணும். மழையில் நனைந்தால் உயரமான டவரில் தொங்கவிட்டுக் காய வைக்கணும், ஈரத்தோடு மடித்தால் விரியாது. பைலட் குதிக்கிற பாராசூட் கார்டில் மடித்தவர் கையெழுத்து இருக்கும். அதனாலேயோ என்னவோ, வீட்டில் யாராவது வேட்டியை ஏனோதானோவென்று மடித்தால் பிரித்துப் போட்டுவிடுவார். அம்மா துணி மடிப்பதையே விட்டுவிட்டாள்.

சூலூர்க்காரன்:

நம் நாட்டுப் போர்விமானம் தேஜஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. சூலூருக்கு முதலில் 45 ஸ்குவாட்ரன் வந்தது, 2020 மே 27ல் 18 ஸ்குவாட்ரன். பழைய விமானத்திலிருந்து வந்தவர்களுக்கு முதலில் கை ஓடவில்லை. எந்தப் பெட்டி கெட்டது என்று விமானமே திரையில் காட்டிவிடும், கழற்றி வேறு மாட்டினால் முடிந்தது. எங்கள் மாஸ்டர் வாரண்ட் ஒருத்தர் அதை நம்பாமல், திரை சொன்ன பிறகும் கனெக்டரை உருவிப் பின்னைப் பார்ப்பார். ரெண்டு தடவை அவர்தான் சரி. பெட்டி நல்லாயிருந்தது, பின் வளைந்திருந்தது.

ஆனால் உடம்பு விஷயம் வேறு. எடையில் 45 சதவீதம் கார்பன் கலவை. அலுமினியத்தில் ஸ்பானர் விழுந்தால் பள்ளம் விழும், கண்ணுக்குத் தெரியும். இதில் விழுந்தால் மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். அதனால் கருவி தொலைந்தால் மட்டுமில்லை, கருவி கைதவறி விழுந்தாலே சொல்லியாக வேண்டும்.

பழைய ஏர்ஃப்ரேம்: சொல்கிறார்களா?

சூலூர்க்காரன்: சொல்கிறார்கள் சார். டிரேனிங் முடித்து வந்த புதுப் பையன் ஒருத்தன், ஸ்குரூடிரைவர் இறக்கையில் விழுந்தது, யாரும் பார்க்கவில்லை, தானாக வந்து சொன்னான். அல்ட்ராசவுண்ட் ஆட்களைக் கூப்பிட்டு, அந்த இடத்தில் ஜெல் தடவி அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். ஒன்றுமில்லை. மத்தியானமே பறந்தது.