வாங்கின கேம் லைப்ரரியில் இருக்கு, இன்ஸ்டால் பட்டன் வேலை செய்யல - உதவி தேவை

இரவுப்பறவை:
ஒரு ஆன்லைன் ஸ்டோர்ல ரொம்ப முன்னாடி வாங்கின கேம். இப்போ லேப்டாப் மாத்தினதும் லைப்ரரியில பேர் தெரியுது, இன்ஸ்டால் பட்டன் மட்டும் மங்கிக் கிடக்கு. ஸ்டோர்ல தேடினா கேமோட பக்கமே இல்ல. ரசீது மெயில் கையில இருக்கு. கேஷை (தற்காலிகக் கோப்புகளை) அழிச்சு, கிளையன்ட்டை (ஸ்டோரோட ஆப்பை) புதுசா போட்டும் பார்த்தாச்சு. சப்போர்ட்டுக்கு எழுதினா 'பரிசீலனையில் உள்ளது'ங்கிறதோட சரி. பிடுங்கிட்டாங்களா?

பழையகீபோர்டு:
அவசரப்படாதீங்க. பக்கம் காணோம்னா பெரும்பாலும் விற்பனையை நிறுத்தியிருப்பாங்க, அவ்வளவுதான். கேம்ல வர்ற கார், பாட்டுக்கு வாங்கின உரிமம் முடிஞ்சா இது வழக்கம். ஃபோர்ஸா ஹொரைசன் 4-ங்கிற கார் ரேஸ் கேமை 2024 டிசம்பர்ல விற்பனையிலிருந்து எடுத்தாங்க. ஏற்கெனவே வாங்கினவங்க இப்பவும் இறக்கலாம். பயப்பட வேண்டியது 'தி க்ரூ' மாதிரி கேமுக்குத்தான். தனியா ஆடவும் நெட் வேணும். 2024 மார்ச் 31-ல அதோட கம்பெனி யூபிசாஃப்ட் சர்வரை நிறுத்தினதோட கதை முடிஞ்சுது. உங்களுது எந்த வகை? புது லேப்டாப் விண்டோஸா, மேக்கா?

இரவுப்பறவை:
நெட் இல்லாமலும் ஆடுற கேம்தான். இப்போ மேக். முன்னாடி இருந்ததும் மேக்தான், பழைய மாடல்.

பழையகீபோர்டு:
அங்கதான் சிக்கல். 2019-ல வந்த கேட்டலினாங்கிற மேக் ஓஎஸ் பதிப்பிலிருந்து மேக்ல 32-பிட் (பழைய வகை) புரோகிராம் ஓடாது. அந்தக் காலத்து கேம் நிறைய அதுல அடிபட்டுச்சு. விண்டோஸ் பதிப்பும் சேர்த்து வாங்கியிருந்தா, ஒரு விண்டோஸ் மெஷின்ல அதே கணக்குல நுழைஞ்சு பாருங்க.

இரவுப்பறவை:
இறங்குது! இதைச் சொல்ல சப்போர்ட்டுக்கு ஒரு வரி போதுமே, கடுப்பா இருக்கு. இனி இது தொலையாம இருக்க என்ன செய்யணும்?

சேமிப்புக்காரன்:
கிளையன்ட்டை முழுசா மூடி, நெட்டை அணைச்சு, கேம் ஃபோல்டர்ல இருக்கிற இஎக்ஸ்இ-யை (.exe, கேமை ஓட்டுற கோப்பு) நேரா திறங்க. ஓடினா ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து வைக்கலாம்.

இரவுப்பறவை:
ஓடல. லாகின் கேட்குது.

சேமிப்புக்காரன்:
அப்போ காப்பி எடுத்தும் பெரிசா பிரயோசனம் இல்ல, சாவி அவங்ககிட்டதான். 2024-லிருந்து ஸ்டீம்ங்கிற கேம் ஸ்டோர்ல காசு கட்டும் இடத்திலேயே 'உங்களுக்குக் கிடைப்பது உரிமம்'னு எழுதியிருக்கு. மத்த ஸ்டோர் விதிமுறையும் பெரும்பாலும் அதேதான். அடுத்து வாங்குறப்போ ஜிஓஜி-ங்கிற ஸ்டோர்ல அந்த கேம் இருக்கான்னு முதல்ல தேடுங்க, ஆஃப்லைன் இன்ஸ்டாலர் (நெட் இல்லாமலே இன்ஸ்டால் பண்ற கோப்பு) தர்றாங்க. வாங்கின கையோட எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இறக்கிடுங்க. பெரிய கேம்னா இஎக்ஸ்இ-யோட .bin கோப்புகளும் துண்டு துண்டா வரும், எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல வைங்க. ஒண்ணு விட்டுப்போனாலும் இன்ஸ்டால் பாதியில நின்னுடும்.